கர்ப்பப்பைக் கட்டிக்கு எந்தச் சிகிச்சை? திருகோணமலையில் இருந்து முடிவெடுக்கும் பெண்களுக்கு

ஸ்கேன் ரிப்போட் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது சென்ரிமீற்றர் கணக்கைத்தான். "ஆறு சென்ரிமீற்றராம், பெரிசு எண்டு சொல்றாங்க" என்று பக்கத்து வீடு வரைக்கும் செய்தி போய்விடும். ஆனால் எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை அளவைவிட அதிகமாகத் தீர்மானிப்பது கட்டி இருக்கும் இடம். இரண்டு சென்ரிமீற்றர்க் கட்டி ஒரு பெண்ணை ரத்தம் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகும். ஏழு சென்ரிமீற்றர்க் கட்டியோடு இன்னொருவர் ஒன்றும் தெரியாமல் தம்பலகாமத்தில் வயல் வேலை செய்துகொண்டிருப்பார்.

ஃபைப்ரோயிட் என்பது கர்ப்பப்பைத் தசையில் இருந்தே வளரும் சாதாரணக் கட்டி. ஐம்பது வயதை எட்டும்போது பெரும்பாலான பெண்களுக்குச் சின்னதோ பெரிதோ ஒன்று இருக்கும். பலருக்கு அது தெரியவே வராது. அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. ஆகவே ஸ்கேனில் கட்டி தெரிந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் தியேட்டருக்குப் போகத் தேவையில்லை. ரத்தப்போக்கு, வயிற்றுப் பாரம், அடிக்கடி சலம் போவது, கரு தங்காமை, இப்படி ஏதாவது உங்களை வாட்டினால்தான் சிகிச்சை என்ற பேச்சே.

அந்தப் பேச்சு வரும்போது எங்கள் ஊரில் முதலில் விழும் வார்த்தை "பையை எடுத்துவிடு" என்பதுதான். பெரியம்மா சொல்வார், மாமி சொல்வார், சில வேளை கிளினிக்கிலும் அது ஒன்றுதான் வழி என்பதுபோலச் சொல்லப்படும். இன்னொரு பக்கம், கைபேசியைத் திறந்தால் "வெட்டே இல்லாமல் ஒரே நாளில் கட்டி கரையும்" என்று இந்திய வைத்தியசாலைகளின் விளம்பரங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல வழிகள் பல இருக்கின்றன. யாருக்கு எது என்பதில்தான் விஷயம்.

முதலில் ரிப்போட்டைப் படியுங்கள்

கர்ப்பப்பையை ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கட்டிகள் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை "சப்மியூகோசல்" என்று எழுதுவார்கள். சில சுவருக்குள் புதைந்திருக்கும், அது "இன்ட்ராமியூரல்". வெளிச்சுவரில் புடைத்து நிற்பது "சப்சீரோசல்". 2011 முதல் இவற்றை 0 தொடக்கம் 8 வரை எண்ணிட்டுச் சொல்லும் முறை உலகளவில் இருக்கிறது. 0, 1, 2 என்றால் உள்ளறைக்குள். 3, 4 என்றால் சுவருக்குள். 5, 6, 7 வெளிப்பக்கம், அதிலும் 7 காம்பில் தொங்குவது. 8 என்பது கர்ப்பப்பைக் கழுத்து போன்ற வேறு இடங்களில் வருவது.

உங்கள் ரிப்போட்டில் "பல கட்டிகள், பெரியது 5 x 6 சென்ரிமீற்றர்" என்று மட்டும் இருந்தால், முடிவெடுக்க அது போதாது. எந்த வகை, உள்ளறையை அமுக்குகிறதா, எத்தனை கட்டி என்று கேளுங்கள். வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேனைவிடக் கீழ் வழியாகச் செய்யும் ஸ்கேன் இதைத் தெளிவாகக் காட்டும். கட்டிகள் பல என்றாலோ, ரத்தக்குழாய் அடைக்கும் சிகிச்சையை யோசிப்பதென்றாலோ, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள்.

உள்ளறைக் கட்டிக்கு ஹிஸ்டரோஸ்கோபி

என் மச்சாள் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை, நாற்பதைத் தாண்டியவர். மாதத்தில் ஒரு கிழமை முழுக்கக் கறுப்பு, கடும் நீலம் என்று இருண்ட நிறச் சாரிதான் உடுப்பார். ஆசிரியர் அறை அலுமாரியில் மாற்றுச் சாரி ஒன்று எப்போதும் மடித்து இருக்கும். ஹீமோகுளோபின் 7.4, கடும் ரத்தக்குறைவு. வீட்டில் எல்லோரும் பையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கீழ் வழி ஸ்கேன் செய்து பார்த்தபோது இரண்டரை சென்ரிமீற்றரில் ஒரே ஒரு கட்டி, முதலாம் வகை, பாதிக்கு மேல் அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கட்டிக்குப் பையை எடுப்பது தேவைக்கு மிஞ்சிய சிகிச்சை. அவருக்குச் செய்தது ஹிஸ்டரோஸ்கோபி. மறுநாள் வீட்டில் நின்று புட்டு அவித்தார்.

இதில் வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. மயக்க மருந்து கொடுத்து, கீழ் வழியாக மெல்லிய கமராக் குழாயைக் கர்ப்பப்பைக்குள் விடுவார்கள். சேலைன் ஓடவிட்டதும் ஒட்டிக்கிடந்த அறை விரியும், திரையில் கட்டி வெள்ளையாகப் புடைத்துத் தெரியும். குழாயின் முனையில் மின்சாரம் பாயும் கம்பி வளையம் ஒன்று இருக்கும். அதால் கட்டியைச் சீவல் சீவலாகச் சீவி வெளியே எடுத்து, பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் ஒரு மிஸ்ஸி நின்று, உள்ளே போன சேலைன் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார். வித்தியாசம் இரண்டரை லீற்றர் அளவுக்குப் போனால் நிறுத்திவிட வேண்டும். உடம்பு அந்த நீரை இழுத்துக்கொண்டால் நுரையீரலில் நீர் கோர்க்கும். இதனால்தான் பெரிய கட்டிகளையும், பாதிக்கு மேல் சுவருக்குள் இருக்கும் இரண்டாம் வகையையும் சில வேளை இரண்டு முறையாகச் செய்கிறார்கள். கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவதும், உள்ளே தழும்பு ஒட்டுவதும் அரிதாக நடக்கும்.

குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் 0, 1 வகைகளில் இதுவே முதல் தெரிவு. உள்ளறைக் கட்டி கரு தங்குவதைக் கெடுக்கும். அதை எடுத்தால் வாய்ப்புக் கூடும். உங்கள் கட்டி இந்த வகை என்றால், வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தேவையே பெரும்பாலும் இல்லை என்பது என் எண்ணம்.

சுவரிலும் வெளியிலும் இருந்தால்

இங்கேதான் தெரிவு கடினமாகிறது.

லாப்ரோஸ்கோபியில் தொப்புளிலும் அடிவயிற்றிலும் மூன்று நான்கு துளைகள், ஒவ்வொன்றும் அரை முதல் ஒன்றேகால் சென்ரிமீற்றர் வரை. வயிற்றுக்குள் காற்று நிரப்பி, கட்டியை மட்டும் தோண்டி எடுத்து, சுவரை அடுக்கடுக்காகத் தைப்பார்கள். அடுத்த நாள் தோள்பட்டையில் ஒரு நோ வரும். அது அந்தக் காற்றால் வருவது, ஓரிரு நாளில் போய்விடும். இரண்டு முதல் நான்கு கிழமையில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு கிழமை வரை எடுக்கும்.

துளை வழி என்றால் நோ குறைவு, தேறுவது வேகம். மீண்டும் கட்டி வளரும் வாய்ப்பில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. அதனால் துளை வழியில் செய்ய முடியாது, திறந்துதான் செய்ய வேண்டும் என்று ஒரு டொக்டர் சொன்னால், பழைய காலத்து டொக்டர் என்று முகம் சுளிக்காதீர்கள். எட்டுப் பத்துக் கட்டிகள் இருந்தால், கையால் தடவிப் பார்த்துச் சின்னக் கட்டிகளையும் கண்டுபிடித்து எடுக்கத் திறந்த முறை நல்லது. பிறகு பிள்ளை பெறப்போகும் கர்ப்பப்பைக்கு, வெளியே தெரியும் தழும்பைவிட உள்ளே போட்ட தையலின் உறுதிதான் முக்கியம். லாப்ரோஸ்கோபியில் நன்றாகத் தைப்பது எல்லோருக்கும் கைவராத வேலை. "இந்தச் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்வீங்களா டொக்டர்?" என்று மரியாதையோடு கேட்பதில் தப்பில்லை. நல்ல டொக்டர்கள் அந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை.

குழந்தை வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுவைக்க வேண்டும். சுவரை வெட்டித் தைத்த பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் பொறுக்கச் சொல்வார்கள், வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம். வெட்டு ஆழமாக இருந்தால் பிரசவம் சிசேரியன் ஆகலாம். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள், உள்ளறை திறந்ததா என்பதை டயக்னோஸிஸ் கார்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு டொக்டர் பிரசவம் பார்க்கும்போது அந்த ஒரு வரிதான் உதவும்.

பெரிய கட்டியைச் சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க, உள்ளேயே துண்டு துண்டாக்கும் கருவி ஒன்று பயன்படுகிறது. கட்டி என்று நினைத்தது அரிதாகப் புற்றுநோயாக இருந்துவிட்டால், துண்டாக்கும்போது அது வயிறெங்கும் பரவக்கூடும். இதை முன்வைத்து அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2014 இல் எச்சரிக்கை விடுத்தது. கட்டியை இதற்கென்றே உள்ளே விடும் ஒரு பைக்குள் அடைத்து அதற்குள்ளேயே துண்டாக்குவது இப்போது பரிந்துரைக்கப்படும் முறை. முக்கியமாக நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களும், கட்டி திடீரென்று வளர்ந்தவர்களும் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ரத்தக்குழாயை அடைக்கும் வழி

எம்போலைசேஷன் என்ற இந்தச் சிகிச்சையைப் பற்றி எங்கள் பக்கத்தில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஜாக் ராவினா என்ற பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவரும் அவரது குழுவினரும் 1995 இல் இதை ஃபைப்ரோயிட்டுக்குச் செய்து வெளியிட்டார்கள். அப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. இதைச் செய்பவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, இன்டர்வென்ஷனல் ரேடியோலொஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் நிபுணர்.

தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ விறைக்க ஊசி போட்டு, அங்குள்ள நாடியில் நூல்போன்ற குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாடி வரை தள்ளுவார்கள். பிறகு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான துகள்களை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பார்கள். இடமும் வலமும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். உணவில்லாத கட்டி ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ரத்தப்போக்குக் குறைகிறது.

"வெட்டு இல்லை" என்றதும் "நோ இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். முதல் இரவு நோ கடுமையாகவே இருக்கும், மோர்ஃபின் போன்ற மருந்து தேவைப்படும். காய்ச்சலும் குமட்டலும் சில நாள் வரும். ஒன்று இரண்டு கிழமையில் சரியாகும். நாற்பத்தைந்துக்கு மேல் சிலருக்கு இதோடு மாதவிடாய் நின்றும் போகலாம்.

நீண்ட காலத்தில் எப்படி? நெதர்லாந்தில் இதைக் கர்ப்பப்பை எடுப்பதோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வில், எம்போலைசேஷன் செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்து வருடம் கழித்தும் கர்ப்பப்பையோடுதான் இருந்தார்கள். மற்ற மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடைசியில் எடுக்கத்தான் வேண்டி வந்தது. பிரிட்டனில் 254 பெண்களை வைத்துக் கட்டியை மட்டும் எடுப்பதோடு ஒப்பிட்ட ஆய்வு 2020 இல் வெளியானது. இரண்டு முறையிலும் பெண்கள் நன்றாகத் தேறினார்கள். இரண்டு வருட முடிவில் வாழ்க்கைத் தரம் கட்டியை எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடவாக இருந்தது.

என் பார்வையில் இது நாற்பதைத் தாண்டி, பிள்ளைகள் வளர்ந்து, சுவர்க் கட்டிகள் பல இருந்து, கர்ப்பப்பையை இழக்க மனமில்லாத, அல்லது மயக்க மருந்து தாங்காத இதய, நுரையீரல் நோய் உள்ள பெண்களுக்கான வழி. இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுப்பதே நல்லது. மெல்லிய காம்பில் தொங்கும் வெளிக்கட்டிக்கும் இது அவ்வளவு பொருந்தாது.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. எம்போலைசேஷனுக்கு ஏற்றும் எக்ஸ்ரே மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். பதவிசிறிபுர போன்ற பக்கங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. அந்தப் பக்கத்தவர்கள் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இதற்குப் போகவே கூடாது. மாதவிடாய் நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் மெஃபனமிக் அமில வகைக் குளிசைகளும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான்.

விளம்பரத்தில் வரும் புதிய முறைகள்

ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்துக் கட்டியைச் சூடாக்கி அழிப்பது ஒன்று, எம்.ஆர்.ஐ. பார்த்தபடி செய்யும் முறைக்கு அமெரிக்காவில் 2004 இல் அனுமதி கிடைத்தது. ஊசி போன்ற கம்பியைக் கட்டிக்குள் குத்தி ரேடியோ அலையால் சூடாக்குவது இன்னொன்று. இரண்டும் உண்மையான சிகிச்சைகள்தான். ஆனால் கட்டிகளின் எண்ணிக்கையும் இடமும் கட்டியின் தன்மையும் ஒத்துவந்தால் மட்டுமே ஒலி அலை முறை செய்யலாம். குடல் குறுக்கே நின்றாலும், பழைய சிசேரியன் தழும்பு பாதையில் விழுந்தாலும் சிக்கல்.

இதற்காகக் காணியை ஈடு வைத்து இந்தியா போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அங்கே செய்த சிகிச்சையில் மூன்று மாதம் கழித்து ஏதாவது குறை வந்தால், அதைப் பார்க்கப் போவது இங்குள்ள வாட்டில் இருக்கும் டொக்டர்தான். அவர் கையில் முழு ரிப்போட்டும் படமும் இருக்காது.

கத்திக்கு முன்னால் மருந்து

டிரனெக்சமிக் அமிலக் குளிசை, ரத்தம் கூடப் போகும் நாட்களில் மட்டும் போடுவது, போக்கைப் பாதிவரை குறைக்கும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் லூப், மிரேனா என்று சொல்வது, சுவர்க் கட்டிகள் உள்ளறையை வளைக்காமல் இருந்தால் அருமையாக வேலை செய்யும். அறை வளைந்திருந்தால் லூப் வெளியே விழுந்துவிடலாம். மாதம் ஒரு தடவை போடும் ஹோர்மோன் ஊசி மூன்று மாதத்தில் கட்டியைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும். விட்டால் கட்டி திரும்ப வளரும், தொடர்ந்து போட்டால் எலும்பு தேயும். அதனால் சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும் பாலமாகத்தான் அது நல்லது.

நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயதுக்காரருக்கு இந்த மருந்துகளே போதுமாகிவிடும். மாதவிடாய் நின்றதும் கட்டி தானாகச் சுருங்கத் தொடங்கும். நின்ற பிறகு ரத்தம் கண்டாலோ கட்டி வளர்ந்தாலோ, அதை வேறு விஷயமாக எடுத்து உடனே காட்ட வேண்டும்.

ரத்தக்குறைவைச் சரிசெய்வது எந்தத் தெரிவுக்கும் முதல் படி. ஹீமோகுளோபின் ஏழோடு தியேட்டருக்குப் போவது ஆபத்து. இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் பாதிக்கு மேல் வீண். தேசிக்காய்த் தண்ணீரோடோ தோடம்பழத்தோடோ போட்டு, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசி வழியாக இரும்பு ஏற்றலாம், கேளுங்கள்.

பையை எடுப்பது பற்றியும் நேர்மையாக

"அக்கா, பையை எடுத்தா உடம்பு வெறும் கூடாப் போயிரும் எண்டு அம்மா சொல்றா" என்று ஒரு தங்கச்சி கேட்டார். அப்படி ஆகாது. சூலகங்களை விட்டுவைத்தால் ஹோர்மோன் தொடரும். தாம்பத்தியமும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுவதில்லை. ஃபைப்ரோயிட் திரும்ப வராது என்று உறுதி தரும் சிகிச்சை இது ஒன்றுதான். இதையும் கீழ் வழியாகவோ துளை வழியாகவோ செய்யலாம். வயிற்றைத் திறந்தால் மட்டுமே முடியும் என்பதில்லை. பிள்ளைப்பேறு முடிந்து, பெரிய கட்டிகள் பல இருந்து, "இனி எனக்கு இந்த ரத்தமே வேண்டாம்" என்று ஒருவர் தானாகச் சொன்னால், அது முழுக்க நியாயமான முடிவு. நான் எதிர்ப்பது, வேறு வழி இருப்பதே சொல்லப்படாமல் ஒருவர் அதற்குக் கையெழுத்து வைப்பதை.

ஊரில் இருந்து எப்படித் தொடங்குவது

உங்கள் பகுதி வெல் வுமன் கிளினிக்கிலோ, திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளின் கிளினிக்கிலோ தொடங்கலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் வி.ஓ.ஜி.மார், அதாவது மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்கள், இடமாற்றத்தில் வந்து போகிறார்கள். லாப்ரோஸ்கோபியில் கைதேர்ந்தவர் இந்த வருடம் இருப்பார், அடுத்த வருடம் வேறு ஊரில் இருப்பார். "இங்கே செய்யலாமா, இல்லை என்றால் எங்கே அனுப்புவீங்க?" என்று நேரே கேளுங்கள். மட்டக்களப்பு 130 கிலோமீற்றர் அளவு, கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு. எம்போலைசேஷனுக்கு அனேகமாகக் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். இரவு ரயிலில் போய்வரும் செலவு, கூட நிற்கும் ஆள், பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதெல்லாம் தெரிவின் பகுதிதான். அதைக் கிளினிக்கில் சொல்ல வெட்கப்படாதீர்கள். பெண் டொக்டர் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொன்னால் சில வேளை ஏற்பாடு கிடைக்கும். நோன்பு நாட்களிலும் கோயில் திருவிழா நாட்களிலும் ரத்தம் நிற்காமல் மனம் நொந்துபோகும் பெண்கள், அந்த வேதனையையும் நோயின் குறியாகவே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

கிளினிக்கில் கிடைப்பது ஐந்து நிமிடம். மூன்று மாதத்து மாதவிடாய்த் திகதி, நாளுக்கு எத்தனை பேட், ரத்தம் உறைந்து கட்டிகட்டியாகப் போனதா என்பதைக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். இன்னும் பிள்ளை வேண்டுமா இல்லையா என்பதை, மாமியார் பக்கத்தில் நின்றாலும், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

தூர ஊரில் சிகிச்சை முடித்துத் திரும்பியவர்கள் கடுங்காய்ச்சல், நாற்றமான வெள்ளை, கூடிக்கொண்டே போகும் வயிற்று நோ, ஒரு மணித்தியாலத்தில் ஒரு பேட் நனையும் ரத்தம், இதில் ஏதாவது கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை இருக்காமல், டயக்னோஸிஸ் கார்ட்டோடு கிட்ட உள்ள வைத்தியசாலைக்கு அன்றைக்கே போய்விடுங்கள். எம்போலைசேஷன் செய்தவர்களுக்கு இது சில மாதங்கள் கழித்தும் வரலாம். சுருங்கிய கட்டி கழன்று கீழ் வழியாக வரும்போது கிருமி தொற்றினால், அதற்கு வாட்டில் வைத்து மருந்து ஏற்ற வேண்டும்.